வெடித்துச் சிதறிய ரிவால்வர்... '.44 மேக்னம்' தோட்டா பிறந்த கதை! யார் இந்த எல்மர் கீத்?

'டர்ட்டி ஹாரி' (1971) படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் ஒரு பெரிய ரிவால்வர் இருக்குமே, ஞாபகம் இருக்கா? அதற்கான .44 மேக்னம் தோட்டாவுக்கு விதை போட்டவர் இன்ஜினீயர் இல்லை. வீட்டிலேயே தோட்டா தயாரித்துப் பழகிய ஒரு பண்ணைக்காரர். பெயர் எல்மர் கீத்.

1899-ல் அமெரிக்காவின் மிசௌரி மாகாணத்தில் பிறந்தவர். சிறுவயதில் ஒரு ஹோட்டல் தீ விபத்தில் சிக்கி, பிழைத்ததே பெரிய விஷயம். பிறகு பண்ணை வேலை, வேட்டை வழிகாட்டி, துப்பாக்கி எழுத்தாளர் என வாழ்ந்தார்.

ரீலோடிங் என்றால் என்ன?

சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூட்டில் புது பிரைமர், மருந்து, ஈயக் குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அமெரிக்காவிலோ சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை.

1925-ல் நடந்தது என்ன?

கீத்துக்கு எப்போதும் இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும். தன் பழைய .45 கோல்ட் ரிவால்வருக்கு, ரைஃபிளுக்கான கனமான குண்டுகளை வைத்துத் தோட்டா செய்தார். அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4 அன்று சுட்டபோது சிலிண்டரின் மேல்பகுதியே பிய்த்துக்கொண்டு போனது. நல்லவேளை, உயிர் தப்பினார்.

காரணம் சிம்பிள். மருந்து எரியும்போது உண்டாகும் அழுத்தத்தைத் தாங்குவது சிலிண்டர் சுவர்தான். .45-க்குத் துளை பெரிது, அதனால் சுவர் மெல்லிசு. இதைப் புரிந்துகொண்ட கீத், துளை சிறிதாக, சுவர் தடிமனாக இருக்கும் .44 ஸ்பெஷலுக்கு மாறினார்.

3 மி.மீ. பாதுகாப்பு

அதில் தான் செய்த வேகமான தோட்டாவைத் தயாரித்து விற்கும்படி கம்பெனிகளைப் பல வருடம் நச்சரித்தார். அவை தயங்கின. பழைய, பலவீனமான துப்பாக்கியில் யாராவது அதைப் போட்டுவிட்டால்? கடைசியில் 1955-ல் ஸ்மித் அண்ட் வெஸன், ரெமிங்டன் இரண்டும் வழி கண்டுபிடித்தன. புதுத் தோட்டாவின் கூடு சுமார் 3 மி.மீ. அதிக நீளம். .44 ஸ்பெஷல் துப்பாக்கிக்குள் அது நுழையவே நுழையாது!

ஆனால், வீட்டு மேசையில் இப்படித் தடுக்க யாரும் இல்லை. அதனால்தான் ரீலோடிங் செய்பவர்களுக்குச் சில கறார் விதிகள் உண்டு: மருந்து கம்பெனி வெளியிடும் அளவுப் புத்தகத்தைத் தாண்டக் கூடாது, குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும், மேசையில் ஒரே ஒரு வகை மருந்துதான் இருக்க வேண்டும், ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்துவிட்டதா என வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், கண்ணாடி அணிய வேண்டும்.

1984-ல் கீத் மறைந்தார். .44 ஸ்பெஷலுக்கு அவர் பயன்படுத்திய மருந்தின் அளவு, இன்றைய புத்தகங்கள் அனுமதிக்கும் எல்லைக்கு மேல். அவர் பெயரை நம்பி அதை அப்படியே காப்பியடிப்பவர்கள், 1925-ல் அந்த ரிவால்வருக்கு என்ன ஆச்சு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.