வேலூர் சிஎம்சிக்கு எம்பிபிஎஸ் வந்தது எப்படி? கொடைக்கானலில் மறைந்த ஐடா ஸ்கடரின் கதை

கவுஞ்சி, மன்னவனூர், பூம்பாறை என மேல்மலை மக்கள் அவசரத்துக்கு வரும் ஊர் கொடைக்கானல். வேலூர் சிஎம்சியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும், 1960 மே 24-ல் 89 வயதில் இறந்ததும் அங்கேதான்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா, தாத்தா ரெண்டு பேருமே மிஷனரி டாக்டர்கள். ஆனா ஐடாவுக்கு அந்த வேலையில் துளியும் ஆசை இல்லை.

திண்டிவனத்தில் ஒரே ராத்திரி எல்லாத்தையும் மாத்திப் போட்டுச்சு. பிரசவ வலியில் துடித்த மனைவிக்காக மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து ஐடாவைக் கூப்பிட்டாங்க. அவருக்கோ மருத்துவம் தெரியாது. ஆண் டாக்டரான அப்பாவை அழைச்சுட்டுப் போக அவங்க சம்மதிக்கல. விடியறதுக்குள்ள மூணு பெண்களுமே இறந்துட்டாங்க.

அமெரிக்கா போய்ப் படித்து 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூருக்கு வந்தார். ஒருத்தரே எத்தனை பேரைப் பார்க்க முடியும்? அதனால் 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெண்கள் தேறுவார்களா என அதிகாரிகளுக்கே சந்தேகம். முதல் வருடத் தேர்வு எழுதிய 14 பேரும் பாஸ்!

அங்கே தரப்பட்டது எல்எம்பி. அது பல்கலைக்கழகப் பட்டம் இல்லை, டிப்ளமோ மாதிரி. 1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு எல்எம்பி படிப்பையே நிறுத்த முடிவு செய்தது. ஒண்ணு எம்பிபிஎஸ் கல்லூரியா உயரணும், இல்ல மூடணும். உயர்த்த வேண்டுமென்றால் கூடுதல் படுக்கைகள், ஆய்வகங்கள், உயர்படிப்பு முடித்த பேராசிரியர்கள் வேணும். அதுக்கெல்லாம் பணம்?

70 வயதைக் கடந்த ஐடா திரும்பவும் அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி கேட்டார். அங்கேதான் பெரிய சிக்கல். ஆண்களையும் சேர்த்துக் கொண்டால் மற்ற சபைகளின் உதவி கிடைக்கும். ஆனா பெண்களுக்காக என்று நம்பிப் பணம் கொடுத்த பழைய ஆதரவாளர்களுக்கு இது துரோகமாகப் பட்டது. நெருங்கிய தோழிகளே எதிர்த்தார்கள். கல்லூரி மூடப்படுவதை விட ஆண்களைச் சேர்ப்பதே மேல் என ஐடா முடிவெடுத்தார். அவர் எடுத்த முடிவுகளிலேயே கஷ்டமானது இதுவாகத்தான் இருக்கும்.

1942-ல் எம்பிபிஎஸ் வகுப்பு தொடங்கியது, பெண்களோடு மட்டும். 1946-ல் ஐடா ஓய்வு பெற்றார். ஆண் மாணவர்கள் முதன்முதலாக உள்ளே நுழைந்தது 1947-ல்.