பால்காரரிடம் வாங்கிய நாய்... பாதிரியார் பெயரில் ஓர் இனம்! - ஜாக் ரஸ்ஸலின் கதை

பழைய ஹெச்.எம்.வி இசைத்தட்டில், கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்ச்சு உட்கார்ந்திருக்குமே ஒரு வெள்ளை நாய், ஞாபகம் இருக்கா? அதன் பெயர் நிப்பர். அது ஜாக் ரஸ்ஸல் டெர்ரியர் கலப்பு என்பார்கள். 'தி மாஸ்க்' படத்தில் ஜிம் கேரியோடு சேர்ந்து அட்டகாசம் பண்ணும் மைலோவும் அதே இனம்தான். இந்த ஜாக் ரஸ்ஸல் யார்? நாய்களுக்காகவே வாழ்ந்த ஓர் இங்கிலாந்து பாதிரியார்!

1795-ம் ஆண்டு டிசம்பர் மாதம், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள டார்ட்மவுத்தில் பிறந்தார் ஜான் ரஸ்ஸல். ஜாக் என்பது செல்லப் பெயர். அப்பாவும் பாதிரியார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாள்களில் வேட்டை நாய்கள் என்று வாழ்ந்தவர். பையன் மட்டும் சும்மா இருப்பானா? டிவர்ட்டனில் பிளண்டல்ஸ் பள்ளியில் படித்தபோதே, நண்பனோடு சேர்ந்து ரகசியமாக ஒரு நாய்க் கூட்டத்தை வளர்த்திருக்கிறார். ஊரில் ஒரு கொல்லர் பட்டறைதான் அதற்கு மறைவிடம். விஷயம் தலைமை ஆசிரியருக்குத் தெரிந்து நண்பன் பள்ளியை விட்டே நீக்கப்பட்டான். ரஸ்ஸல் எப்படியோ தப்பித்துக்கொண்டார்.

டிரம்ப் வந்த கதை

அடுத்து ஆக்ஸ்ஃபோர்டு. படிப்பு முடியும் நேரம், 1819-ம் ஆண்டு என்கிறார்கள். ஒரு நாள் நடந்து போகும் வழியில் ஒரு பால்காரரைப் பார்த்தார். அவரோடு ஒரு பெண் டெர்ரியர். உடம்பெல்லாம் வெள்ளை. கண், காது பக்கம் பழுப்புத் திட்டு, வால் முளைக்கும் இடத்தில் காசு அளவுக்கு ஒரு பொட்டு. முரட்டு முடி, நேரான கால்கள், வளர்ந்த பெண் நரி அளவு உடம்பு. ரஸ்ஸல் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. பேரம் பேசி, நாயைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். அதுதான் டிரம்ப். அவர் வளர்த்த டெர்ரியர் பரம்பரையின் ஆதித் தாய்.

வெள்ளை நிறத்துக்கு ஏன் அவ்வளவு மரியாதை? அழகுக்காக இல்லை. நரி வளையிலிருந்து மண்ணைப் பூசிக்கொண்டு வெளியே வரும் பழுப்பு நாயை, மற்ற வேட்டை நாய்கள் நரி என்று நினைத்துக் கடித்துக் குதறிவிடும் ஆபத்து உண்டு. வெள்ளை என்றால் தூரத்திலேயே அடையாளம் தெரியும்.

ஜெர்மானியர்களின் டாஷண்ட் நாயும் இதே வேலைக்குப் பிறந்ததுதான். 'டாக்ஸ்' என்றால் ஜெர்மன் மொழியில் பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கு. குட்டைக் கால், நீள உடம்பு என்று வளைக்குள் நுழைய ஏற்ற உருவம். ரஸ்ஸலுக்கோ வேறு தேவை இருந்தது. டெவன் மேடுபள்ளங்களில் குதிரைகளுக்குப் பின்னால் மைல் கணக்கில் ஓடவும் வேண்டும், போய்ச் சேர்ந்ததும் வளைக்குள் நுழையவும் வேண்டும். அதனால் கால் கொஞ்சம் நீளம், மார்பு ஒடுக்கம்.

இன்னொரு நிபந்தனை, குணம். வளைக்குள் போன நாய் நரியைக் கொல்லக் கூடாது. குரைத்து, மிரட்டி வெளியே விரட்ட வேண்டும். உள்ளேயே கொன்றுவிட்டால் அன்றைய வேட்டை அவ்வளவுதான். தைரியமும் வேணும், நிதானமும் வேணும். எந்த ஜோடியைச் சேர்ப்பது என்பதை ரஸ்ஸல் இதை வைத்துத்தான் முடிவு செய்தார். தனியாகப் போட்டி எதுவும் வைக்கவில்லை, வேட்டைக் களம்தான் பரீட்சை.

பெனலோப் இல்லாமல் இல்லை

1826-ல் பெனலோப்பைத் திருமணம் செய்தார். கடற்படை அட்மிரல் மகள், வசதியான குடும்பம். கணவருக்குச் சளைக்காத வேட்டைப் பிரியை. பிறகு இருவரும் ஸ்விம்பிரிட்ஜ் கிராமத்தில் குடியேறினார்கள். சுமார் அரை நூற்றாண்டு அங்கேதான் ஊழியம்.

எக்ஸெட்டர் பிஷப் ஹென்றி ஃபில்பாட்ஸுக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. நாய்களைக் கைவிடச் சொன்னார். ரஸ்ஸலும் உடனே சம்மதித்தார். பிஷப் மகிழ்ந்தபோது, இனி அவற்றை மனைவி வைத்துக்கொள்வார் என்று சேர்த்துச் சொன்னாராம். டெவனில் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது.

ஆனால், சிரிப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கு. வேட்டை நாய்க் கூட்டம், குதிரைகள், வேலையாள்கள் எல்லாமே பணக்காரர்களின் பொழுதுபோக்கு. கிராமப் பாதிரியார் வருமானம் எந்த மூலைக்கு? பெனலோப் கொண்டுவந்த சொத்தில் பெரும்பகுதி இதிலேயே கரைந்தது என்கிறார்கள். இருவருக்கும் இஷ்டம்தான், ஆனால் கரைந்தது அவர் வீட்டுப் பணம். நாய் இனத்துக்குக் கணவர் பெயர் நின்றது. பெனலோப்பை யாருக்குத் தெரியும்?

1871-ல் வேட்டை நாய்க் கூட்டத்தையே விற்க வேண்டி வந்தது. 1875 புத்தாண்டு தினத்தில் பெனலோப் இறந்தார். கூடுதல் வருமானத்துக்காக, 80 வயதைத் தாண்டிய பிறகு பிளாக் டோரிங்டன் என்ற ஊருக்கு மாறினார் ரஸ்ஸல்.

இதற்கிடையே புகழுக்குக் குறைவில்லை. 1873-ல் இங்கிலாந்தில் கென்னல் கிளப் தொடங்கியபோது அதன் ஆரம்ப உறுப்பினர்களில் ஒருவர். அடுத்த ஆண்டு கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் ஃபாக்ஸ் டெர்ரியர்களுக்கு நடுவர். பின்னாளில் மன்னர் 7-ம் எட்வர்டு ஆன வேல்ஸ் இளவரசர் அவருடைய நண்பர். சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் டிரம்ப்பின் ஓவியமும் இடம்பிடித்தது. ஆனால், தன் நாய்களை மட்டும் அவர் கண்காட்சி மேடையில் ஏற்றவில்லை. அழகுக்காக வளர்த்தால் வேலைக் குணம் போய்விடும் என்பது அவர் கவலை.

1883 ஏப்ரல் 28-ம் தேதி, 87 வயதில் இறந்தார். ஸ்விம்பிரிட்ஜிலேயே அடக்கம் செய்தார்கள். கடைசியில் அவரிடம் மிச்சமிருந்தவை வயதான 4 டெர்ரியர்கள் மட்டுமே என்று சொல்லப்படுகிறது. ஆக, இன்றைய ஜாக் ரஸ்ஸல்கள் எல்லாம் டிரம்ப்பின் நேரடி வாரிசு என்று அடித்துச் சொல்ல முடியாது. அவர் தேடிய குணத்தின் வாரிசுகள் என்று சொல்லலாம்.

அவர் பெயர் சொல்லும் நாயை, அவர் பங்கேற்றுத் தொடங்கிய கென்னல் கிளப் 1990-ல்தான் அங்கீகரித்தது. அது இன்றைய பார்சன் ரஸ்ஸல் டெர்ரியர். கால் குட்டையான ஜாக் ரஸ்ஸலுக்கு அங்கீகாரம் கிடைக்க 2016 ஆனது. நடுவே 2005-ல், நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதையே இங்கிலாந்து தடை செய்துவிட்டது.

ஆனா, சட்டம் மாறினது அந்த நாய்க்குத் தெரியுமா? வளை கிடைக்கலைன்னா உங்க ரோஜாத் தொட்டியைத் தோண்டும், சோபாவுக்கு அடியில நுழைஞ்சு குரைக்கும். குட்டியா, அழகா இருக்கேன்னு ஃப்ளாட்டுக்கு ஒண்ணு வாங்க நினைக்கிறவங்க, அதை ஓட விடவும் விளையாட விடவும் தினமும் நேரம் இருக்கான்னு முதல்ல பாருங்க. ரஸ்ஸல் வளர்த்தது மடியில் உட்கார வைக்க இல்லை, மைல் கணக்கில் ஓட வைக்க!