ஜி.டி. நாயுடுவும் குட்டிக் காரும்

பழனிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? திண்டுக்கல்லில் ஏறி உட்கார்ந்தால், ஒட்டன்சத்திரம் வழியாகச் சீக்கிரமே மலையடிவாரம் போய்ச் சேர்ந்துவிடலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. மாட்டு வண்டியில் போக வேண்டும். இல்லாவிட்டால் நடக்க வேண்டும். அந்தக் காலத்தில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸைத் தாமே வாங்கி, தாமே ஓட்டிய இளைஞர் ஒருவர் உண்டு. அவர்தான் ‘அதிசய மனிதர்’ என்று ஊரார் போற்றிய ஜி.டி. நாயுடு.

கோவைக்கு அருகே கலங்கல் என்ற கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி பிறந்தார். துரைசாமி என்பது அவர் பெயர். தொடக்கப் பள்ளியோடு அவர் படிப்பு நின்றுவிட்டது. அதற்காக நீங்களும் பள்ளிக்கு மட்டம் போட்டுவிடாதீர்கள்! பள்ளியில் விட்டதை அவர் வாழ்நாள் முழுவதும் தேடித் தேடிப் படித்தார்.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் ஓடுகிறதே! அது எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். சம்பளத்தைக் காசு காசாகச் சேர்த்து, அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், மறுபடியும் பூட்டினார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. பிறகு மெக்கானிக்காக வேலை செய்தார்.

1920-ல் பொள்ளாச்சி - பழனி பஸ் ஓடத் தொடங்கியது. ஓட்டுநரும் அவரே, முதலாளியும் அவரே.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வண்டி ஓட்டுகிறவர் யாரானாலும் முதலில் உணர்வது எதை? பாரத்தை! காலி வண்டி சட்டென்று கிளம்பும். ஆள் நிறைந்த வண்டி மெதுவாகத்தான் கிளம்பும். மேடு வந்தால் முக்கி முனகும். அதே என்ஜின்தானே, ஏன் இப்படி? எடை கூடினால், அதே வேகத்தைப் பெற அதிக விசை வேண்டும். எண்ணெயும் அதிகம் செலவாகும். நிறுத்துவதும் அப்படித்தான். பிரேக்கின் பிடி அதே அளவு இருந்து, எடை இரண்டு மடங்கானால், வண்டி நிற்கும் தூரமும் இரண்டு மடங்காகும்.

வளைவிலும் பாரம் தன் வேலையைக் காட்டும். ஓடுகிற பொருள் நேராகவே ஓடப் பார்க்கும் அல்லவா? கனம் கூடக் கூட அதன் பிடிவாதமும் கூடும். சிறுமலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் லாரிகள் ஊர்ந்து ஊர்ந்து திரும்புவது இதனால்தான். பாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிய மாட்டு வண்டிக்காரரைக் கேட்டுப் பாருங்கள்; முன்பாரம், பின்பாரம் பார்க்காமல் மூட்டை அடுக்கவே மாட்டார். மூட்டைகளை மிக உயரமாக அடுக்கினால் வளைவில் வண்டி சாய்ந்துவிடும்.

மீண்டும் நாயுடுவிடம் போவோம். ஒரே பஸ்ஸில் தொடங்கிய அவரது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சில ஆண்டுகளிலேயே நாட்டின் மிகத் திறமையான பஸ் நிறுவனங்களில் ஒன்றாகப் பெயர் பெற்றது. அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கோவை பீளமேட்டில் உருவாக்கினார். மின்சார சவரக் கருவி, பழச்சாறு பிழியும் இயந்திரம், வாக்குப் பதிவு இயந்திரம் என்று அவர் கை தொட்ட கருவிகள் ஏராளம்.

1952-ல் அவர் கொண்டு வந்தது ஒரு குட்டிக் கார். இரண்டே பேர் உட்காரலாம். பெட்ரோலில் ஓடும். விலை 2,000 ரூபாய்தான்! அப்போது கார் என்றாலே பணக்காரர் வீட்டு வாசலில் நிற்கும் பெரிய வண்டி. சின்ன வண்டி என்றால் இரும்பு குறைவு. இரும்பு குறைந்தால் எடை குறையும், விலையும் குறையும். எடை குறைந்தால் சின்ன என்ஜினே போதும், பெட்ரோலும் மிச்சம். சாதாரணக் குடும்பமும் கார் வாங்கலாம் என்ற நம்பிக்கை அந்தக் குட்டி வண்டிக்குள் இருந்தது.

ஆனால் அதைத் தயாரிக்க அரசு உரிமம் தரவில்லை. முயற்சி நின்றுபோனது. நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய சின்னக் காராக மாருதி 800 சாலைக்கு வந்தது 1983-ன் கடைசியில்தான். இடையில் முப்பத்தொரு ஆண்டுகள் ஓடிவிட்டன. மாருதியின் எடை சுமார் 650 கிலோ. அதற்கு முன் ஊரெங்கும் ஓடிய அம்பாசடர் 1,100 கிலோவையும் தாண்டும்.

அப்படியானால் லேசான கார்தான் எல்லா வகையிலும் நல்லதா? அவசரப்படாதீர்கள். நாணயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு.

ஒரு கணக்குப் போடுவோமா? 600 கிலோ கார் ஒன்று, 1,200 கிலோ கார் ஒன்று. இரண்டும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி, ஒட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான கார் வேகம் குறைந்து, சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில் முன்னாலேயே போகும். லேசான காரோ நின்று, அதே 13 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளப்படும். அதாவது கனமான காரின் வேகத்தில் மாற்றம் 27. லேசான காரில் 53. உள்ளே இருப்பவர்களுக்கு அதிர்ச்சியும் அதற்கேற்பக் கூடும். லாரியோடு மோதிய காரும், காரோடு மோதிய சைக்கிளும் அதிகம் சேதமாவது இதனால்தான்.

இதற்கு வழி எல்லாக் கார்களையும் கனமாக்குவது அல்ல. அப்படிச் செய்தால் நடந்து போகிறவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும்தானே ஆபத்து? ஜெர்மனியில் பேலா பாரெனி என்ற பொறியாளர் 1951-ல் ஒரு யோசனைக்குக் காப்புரிமை கேட்டார். காரின் முன்பக்கமும் பின்பக்கமும் மோதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்கள் இருக்கும் நடுப்பகுதி மட்டும் உறுதியாக நிற்க வேண்டும். இதுதான் அவர் யோசனை. 1959-ல் இந்த அமைப்போடு மெர்சிடிஸ் கார் வந்தது. இன்று லேசான காரையும் இப்படிப் பாதுகாப்பாகச் செய்ய முடிகிறது. மோதிப் பார்த்து நட்சத்திரம் வழங்கும் பாரத் என்கேப் திட்டம் நம் நாட்டிலும் 2023-ல் தொடங்கியது.

நாயுடு தம் செல்வத்தைக் கல்விக்கு அள்ளிக் கொடுத்தார். அவரது முயற்சியாலும் நன்கொடையாலும் 1945-ல் கோவையில் உருவான தொழிற்கல்விக் கூடத்தின் வழிவந்ததுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. 1974 ஜனவரி 4-ஆம் தேதி அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் 2025-ல் திறக்கப்பட்ட, பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

செல்வங்களே! அவருடைய குட்டிக் கார் சாலைக்கு வரவில்லை. ஆனால் ஒரு பொருளைக் கண்டால் கழற்றிப் பார்க்கத் தூண்டிய அந்த ஆர்வம் உங்களுக்கும் வரலாம். பழைய கடிகாரம், உடைந்த பொம்மை எதுவானாலும் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு பிரித்துப் பாருங்கள். மறக்காமல் திரும்பப் பூட்டுங்கள். அடுத்த முறை காரில் ஏறும்போது, பின் இருக்கையானாலும் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். கார் நின்றாலும் உங்கள் உடம்பு நேராகவே ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பட்டைதான்!