செடியின் நாடி பார்த்த செம்மல்

குயிலாப்பாளையத்திலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்களைக் காணலாம். மடையைத் திறந்தால் உவர்நீர் பாத்திக்குள் பாயும், அடைத்தால் நிற்கும். நம் இதயமும் இவ்வாறே மடை திறந்தும் அடைத்தும் துடிக்கிறது என்றால் நண்பர்கள் வியப்படையலாம். இதயச் செல்லின் மெல்லிய சவ்வில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. உப்பில் உள்ள சோடியமும், பொட்டாசியமும், கால்சியமும் மின்னேற்றம் பெற்ற அயனிகளாக அவற்றின் வழியே உள்ளும் புறமும் செல்கின்றன. அதனால் எழும் மின்மாற்றமே தசையைச் சுருங்கச் செய்கிறது. இவ்வாயில்களை உலகம் அறிவதற்கு முன்பே, ஒரு செடியின் அசைவில் இதயத்தின் இயல்பைக் கண்டவர் ஓர் இந்தியர். அவரே ஜகதீச சந்திர போஸ்.

இளமை

இன்று வங்காளதேசமாக உள்ள கிழக்கு வங்காளத்தில் 1858 நவம்பர் 30ஆம் நாள் போஸ் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. அக்காலத்து அதிகாரிகள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே வழக்கம். அவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் மகனும் ஏவலாளர் மகனும் போஸுக்கு அருகில் அமர்ந்து படித்தனர். நீர்வாழ் உயிர்களைப் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையின்மீது அவருக்கு முதல் ஆர்வத்தை ஊட்டின.

கல்கத்தா தூய சேவியர் கல்லூரியில் பயின்றபின், மருத்துவம் படிக்க 1880இல் இங்கிலாந்து சென்றார். உடல்நலக் குறைவு அப்படிப்பைத் தடுத்தது. கேம்பிரிட்ஜில் அறிவியல் கற்றுத் திரும்பினார்.

ஆசிரியர் பணி

1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஒரே பணிக்கு ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதனினும் குறைந்த சம்பளம் என்பது அந்நாளைய விதி. போஸ் வேலையை விடவில்லை. சம்பளத்தைத் தொடவும் இல்லை. மூன்றாண்டுகள் ஊதியமின்றியே பாடம் நடத்தினார். இறுதியில் அரசு பணிந்தது. முழுச் சம்பளமும் முன்தேதியிட்டு வழங்கப்பட்டது.

மறுப்பும் மன உறுதியும்

மின்காந்த அலை ஆய்வில் புகழ்பெற்ற போஸ், பின்னர்த் தாவரங்களின்பால் திரும்பினார். எல்லாச் செடிகளும் தூண்டுதலுக்கு மின்விடை தருகின்றன என்று 1901இல் இலண்டன் ராயல் கழகத்தில் செய்து காட்டினார். முதுபெரும் உடலியல் அறிஞர் பர்டன் சாண்டர்சன் அதை ஏற்கவில்லை. கட்டுரைத் தலைப்பை மாற்றும்படி கூறினார். போஸ் இணங்கவில்லை. கட்டுரை அச்சேறவில்லை. வாதத்தில் இறங்காமல் போஸ் இன்னும் நுட்பமான கருவிகளைச் செய்யத் தொடங்கினார். 1920இல் அதே கழகம் அவரை உறுப்பினராக்கிக் கொண்டது.

தொழுகண்ணி தந்த விடை

தொழுகண்ணி என்றொரு செடி உண்டு. அதன் பெரிய இலையின் இருபுறமும் உள்ள சிற்றிலைகள், யாரும் தொடாமலே சில நிமிடங்களுக்கொரு முறை ஏறி இறங்கும். போஸ் இவ்வசைவைத் தம் கருவியால் கண்ணாடித் தகட்டில் தானே வரையச் செய்தார். குளிரில் துடிப்பு தளர்ந்தது, வெப்பத்தில் விரைந்தது. ஈதர் ஆவியில் நின்றது. தூய காற்றில் மீண்டது. விலங்கின் இதயமும் இவ்வாறே நடந்துகொள்வதை அவர் ஒப்பிட்டுக் காட்டினார்.

அவர் சொன்ன அனைத்தும் நிலைக்கவில்லை. உலோகங்களுக்கும் உயிர்ப்பொருள் போன்ற உணர்வு உண்டு என்ற கருத்தும், செல்களின் துடிப்பே மரத்தில் நீரை மேலேற்றுகிறது என்ற விளக்கமும் ஏற்கப்படவில்லை. ஆனால் செடியிலும் மின்குறிப்புகள் ஓடுகின்றன என்பது இன்று ஐயமற்ற உண்மை. தொழுகண்ணிச் சிற்றிலையின் அடியில் உள்ள செல்களிலிருந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகள் வெளியேறுகின்றன. நீரும் உடன் வெளியேற, செல்கள் சுருங்கி இலை தாழ்கிறது.

நரம்பின் மின்துடிப்பில் சோடியமும் பொட்டாசியமும் செய்யும் வேலையை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் விளக்கினர். இதயத்தின் தாளத்தைத் தொடங்கிவைக்கும் ஒரு தனி மின்னோட்டத்தை பிரவுன், டிபிரான்செஸ்கோ, நோபிள் ஆகியோர் 1979இல் விவரித்தனர். ஒரு துடிப்பு ஓய்ந்ததும் திறந்து, மெல்லச் சோடியத்தை உள்ளே விட்டு, அடுத்த துடிப்புக்கு வழிசெய்யும் வாயில்கள் அவை. உறங்கும் மூளையின் தாளத்திலும் அவ்வகை வாயில்களுக்குப் பங்குண்டு. செடியின் வாயில்கள் வேறு, இதயத்தின் வாயில்கள் வேறு. அயனிகளின் போக்குவரத்தே துடிப்பாகிறது என்னும் நெறி மட்டும் இரண்டுக்கும் பொது.

நிறைவு

1917இல் தம் பிறந்த நாளன்று கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தை நிறுவிய அப்பெருமகனார், 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் மறைந்தார்.

ஆய்வுக்கூட வசதி போதவில்லை என்று நாம் குறைபடும்போதெல்லாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். போஸுக்குக் கிடைத்ததும் ஒரு சிறு அறைதான். உள்ளூர்த் தொழிலாளர்களைக் கொண்டே தம் கருவிகளைச் செய்துகொண்டார். மறுத்தவர்களுக்கு அவர் தந்த விடை, மீண்டும் ஒருமுறை அளந்து காட்டியதே. மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஒரு தொழுகண்ணியைக் கண்டால் சற்று நின்று அதன் இலையைப் பாருங்கள். உங்கள் கைநாடியையும் தொட்டுப் பாருங்கள்.