சிறைக்கதவுக்கு வெளியே வ.உ.சி.

செப்டம்பர் 5, வ.உ.சி. பிறந்தநாள். அன்று நடக்கவிருந்த பேச்சுப் போட்டிக்காக வீட்டு முற்றத்தில் நின்று உரக்கப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். அவர் கப்பலோட்டியதும் செக்கிழுத்ததும் பள்ளிநாள் தொட்டே எனக்கு மனப்பாடம். கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த என் தாய்மாமா, வெளியே வந்தபின் அந்த மனிதர் பிழைப்புக்கு என்ன செய்தார் என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மாமா கேட்டதற்குக் காரணம் உண்டு. அவர் லாரி ஓட்டுநர். ஓர் அடிதடி வழக்கில் நான்காண்டு சிறையில் இருந்து வந்தவர். உள்ளே நெசவு கற்றுத் தந்தார்கள். எங்கள் ஊரிலோ தறியே கிடையாது. காலாவதியான உரிமத்தைப் புதுப்பித்த பிறகும் எந்த முதலாளியும் அவரிடம் சாவியைத் தரவில்லை. இப்போது விடியற்காலையில் காய்கறி மண்டியில் மூட்டை இறக்குகிறார்.

நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் தொழிலால் வழக்கறிஞர். 1906இல் பத்து இலட்சம் ரூபாய் முதலீட்டை இலக்காக வைத்து, பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1908 மார்ச்சில் கைதானார். நீதிபதி பின்ஹே விதித்த 40 ஆண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைந்தது. இவையெல்லாம் நாம் அறிந்தவையே.

கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். இன்று தமிழ்நாட்டுச் சிறைகளில் நெசவும் தையலும் கற்பிக்கிறார்கள்; சிறைத்துறையின் பெட்ரோல் நிலையங்களில் கைதிகள் வேலை செய்கிறார்கள். அன்றைய செக்கு அப்படிப்பட்டதன்று. உடம்பை ஒடிக்க வைத்தது, தொழில் பழக்க அன்று. அந்த நிலையிலும் ஜேம்ஸ் ஆலன் நூலொன்றை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து விடுதலையானார். அவரை அழைத்துச் சென்றதுபோல் பெருங்கூட்டம் திரண்டு வந்ததாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். வாசலில் காத்திருந்தவருள் ஒருவர் சுப்பிரமணிய சிவா. அவரும் சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். கப்பல் நிறுவனம் 1911இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. அதைவிடக் கொடுமை, வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. தண்டனை முடிந்தது; தொழில் திரும்பவில்லை.

மனைவி மீனாட்சியம்மாளோடும் பிள்ளைகளோடும் சென்னைக்கு வந்தார். அரிசியும் நெய்யும் எண்ணெயும் விற்றார். கப்பல் விலை பேசிய மனிதர் படிக்கல்லை வைத்து நிறுத்துக் கொடுத்தார். வியாபாரம் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தியடிகள் வசம் இருந்தது. 1915இல் தொடங்கி அது குறித்து இருவருக்கும் கடிதங்கள் நடந்தன. 347 ரூபாய் 12 அணா 1916இல்தான் கைக்கு வந்தது. ஒரு காலத்தில் இலட்சங்களைத் திரட்டியவர், தமக்கு வரவேண்டிய சிறு தொகைக்காகத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுத நேர்ந்ததே! இந்தப் பகுதியைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பிறகு கோவையில் வங்கி ஒன்றில் வேலை. அந்த வருமானமும் போதவில்லை. மறுபடி வழக்காட அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். 1920களில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி முயன்று அந்த உரிமத்தை மீட்டுக் கொடுத்தார். எந்த அரசை எதிர்த்துச் சிறை சென்றாரோ, அந்த அரசின் நீதிபதி அவர். வ.உ.சி. தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். நன்கொடை தந்தவர்கள் பலர் இருந்தார்கள். பிள்ளைக்குப் பெயராக நின்றவர் தொழிலைத் திருப்பித் தந்தவர்.

கோவில்பட்டியில் வழக்காடினார், 1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். இடையில் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார், திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை எழுதினார். செல்வம் மட்டும் திரும்பவில்லை. 1936 நவம்பர் 18இல் மறைந்தார். அவர் இழுத்த செக்கு சென்னைக் கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. அந்த அரிசிக்கடைத் தராசு எங்கே போயிற்றோ!

போட்டியில் கப்பலை இரண்டே வரியில் முடித்துவிட்டு இதையே பேசினேன். பரிசு கிடைக்கவில்லை. அன்றிரவு மாமாவிடம் முழுவதையும் சொன்னேன். விடுதலைக்கும் உரிமத்துக்கும் நடுவே எத்தனை ஆண்டு என்று கேட்டார். ஏறத்தாழ பத்து என்றேன். விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டார். பிறகு, அந்தக் கடைசி மகனின் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.