பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் தண்ணீர்த் தொண்டும்

தொண்டு என்று சொன்னவுடன் நம் நினைவுக்கு வரும் பெயர்களுள் ஒன்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல். நள்ளிரவில் கையில் விளக்குடன், காயமுற்ற போர்வீரர்களின் படுக்கைகளுக்கிடையே நடந்து சென்ற அந்த அம்மையாரைக் கைவிளக்கேந்திய காரிகை என்று சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆனால் அவர் அந்த விளக்கை ஏந்திய காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவே. அதற்குப் பின் அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அந்த நெடுங்காலத்தின் பெரும் பகுதியை, தாம் ஒருமுறையேனும் கண்டிராத நம் இந்திய நாட்டு மக்களின் உடல்நலத்துக்காகவும், அவர்கள் குடிக்கும் தண்ணீருக்காகவும் செலவிட்டார் என்பதை நம்மில் பலர் அறியோம். அந்தப் பகுதியையே இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

இளமையும் அழைப்பும்

1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் செல்வம் மிக்க ஓர் ஆங்கிலக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே குழந்தைக்கும் இடப்பட்டது. பெண்களுக்கு உயர்கல்வி மறுக்கப்பட்டிருந்த அக்காலத்தில், தந்தையே அவருக்கு ஆசிரியராக இருந்து பல மொழிகளையும் தத்துவத்தையும் கற்பித்தார். சிறுமியின் மனம் கணக்கில்தான் மிகுதியாக ஈடுபட்டது. மற்றப் பெண்கள் பூவேலையிலும் நடனத்திலும் பொழுதைப் போக்கியபோது, இவர் எண்களை வரிசைப்படுத்தி மகிழ்ந்தார். பின்னாளில் இலட்சக்கணக்கான உயிர்களைக் காக்க உதவியது இந்தக் கணக்கு ஆர்வமே.

1837ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், தமக்குப் பதினாறு வயதாயிருந்தபோது, இறைவன் தம்மைத் தம் பணிக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். அந்தப் பணி எது என்பது உடனே தெளிவாகவில்லை. நோயாளிகளுக்குத் தொண்டு செய்ய விரும்புவதாகச் சொன்னபோது வீட்டார் அதிர்ச்சியுற்றனர். தாதி வேலை என்பது நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு ஏற்றதன்று என எண்ணிய காலம் அது. திருமணப் பேச்சும் வந்தது. அதை அவர் மறுத்துவிட்டார்.

1847ஆம் ஆண்டு ரோமைக்குச் சென்றவர், அங்கே திரித்துவ மலை ஆலயத்தை அடுத்த கன்னியர் மடத்தில் சில நாள் தங்கித் தியானம் செய்தார். அவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். இறுதிவரை அச்சபையிலேயே இருந்தார். ஆயினும் கத்தோலிக்கக் கன்னியரின் ஒழுங்கும் அர்ப்பணமும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. 1851இல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் தாதியர் பயிற்சி பெற்றார். 1853இல் லண்டனில் ஒரு சிறு மருத்துவமனையின் மேற்பார்வையாளரானார்.

போர்க்களத்து மருத்துவமனை

1853இல் கிரிமியப் போர் மூண்டது. துருக்கியில் ஸ்குட்டாரி என்னும் இடத்திலிருந்த ஆங்கிலேயரின் இராணுவ மருத்துவமனையில் வீரர்கள் கவனிப்பாரற்று மடிவதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளை ஏற்று, 38 பெண்களுடன் நைட்டிங்கேல் அங்கே புறப்பட்டார். அந்த 38 பேரில் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். அவர்களுள் ஒருவர் லண்டன் பெர்மாண்ட்சி மடத்தின் தலைவியான அன்னை மேரி கிளேர் மூர். நைட்டிங்கேலுக்கு வலக்கரமாக இருந்தவர் இந்த அன்னை. தம்மைவிட அன்னையே அப்பணிக்குத் தகுதி மிக்கவர் என்று நைட்டிங்கேல் மனமாரக் கருதினார். 1874இல் அன்னை மறையும்வரை இவர்களுடைய நட்பு நீடித்தது.

1854 நவம்பர் 4ஆம் நாள் அவர்கள் ஸ்குட்டாரியை அடைந்தனர். படுக்கையில்லை, மாற்றுத் துணியில்லை, நல்ல உணவில்லை. நைட்டிங்கேல் சமையலறை அமைத்தார். துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். இரவும் பகலும் உழைத்தார். ஆயினும் சாவு குறையவில்லை, பனிக்காலத்தில் பெருகியது. 1855 ஜனவரி ஒரு மாதத்தில் மட்டும் அந்தப் படையில் காயங்களால் இறந்தவர்கள் 83 பேர். தடுக்கக்கூடிய தொற்று நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். பகைவனின் குண்டைவிடப் பேதியும் காய்ச்சலுமே பெரிய பகைவர்களாயிருந்தன.

மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. மருத்துவமனைக் கட்டடத்தின் அடியிலேயே சாக்கடைகள் அடைபட்டுக் கிடந்ததை அவர்கள் கண்டனர். தண்ணீர் வரும் கால்வாயைத் தோண்டிப் பார்த்தபோது, அதில் செத்த குதிரை ஒன்று அழுகிக் கிடந்தது. அதன் மீது ஓடி வந்த தண்ணீரைத்தான் நோயாளிகள் குடித்து வந்தனர்! சாக்கடைகள் கழுவப்பட்டன, தண்ணீர்ப் பாதை சீர்செய்யப்பட்டது, காற்று வர வழி செய்யப்பட்டது. பிப்ரவரியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேலிருந்த இறப்பு, ஜூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது.

கணக்கு சொன்ன கசப்பான உண்மை

1856இல் நாடு திரும்பியபோது மக்கள் அவரைத் தெய்வமாகப் போற்றினர். அவரோ பாராட்டை விரும்பவில்லை. வில்லியம் பார் என்னும் புள்ளியியல் அறிஞருடன் அமர்ந்து, இறந்தவர்களின் எண்ணிக்கையை மாதம் மாதமாகப் பிரித்துப் பார்த்தார். குறைந்த உணவும் மிகுந்த உழைப்புமே வீரர்களைக் கொன்றன என்று போர்க்களத்தில் இருந்தபோது அவர் எண்ணியிருந்தார். கணக்கு வேறொன்றைச் சொல்லியது. தாம் கண் விழித்துக் காத்த மருத்துவமனையின் அசுத்தமே அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றிருந்தது!

தோழியரே, இந்த இடத்தில் சற்று நிற்போம். உலகமே புகழும்போது, தம் பணியிலும் ஒரு குறையிருந்தது என்று காட்டும் கணக்கை யாராயினும் மறைத்துவிடவே நினைப்பர். நைட்டிங்கேல் மறைக்கவில்லை. அதை வண்ணப் படமாக வரைந்து, 1858இல் அச்சிட்டு, அரசாங்கத்தின் முன் வைத்தார். இறந்தவர்களைத் தம்மால் மீட்க முடியாது. இனி இறக்கவிருப்போரையாவது காக்கலாம் என்பதே அவர் எண்ணம். அவ்வாண்டே லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்தியாவின் மீது திரும்பிய கண்கள்

கிரிமியாவில் பற்றிய காய்ச்சலால் அவர் உடல் நலிந்துபோயிற்று. பல ஆண்டுகள் படுக்கையிலேயே கழிந்தன. ஆனால் அந்தப் படுக்கையே அவருடைய அலுவலகமாயிற்று. 1859இல் இந்தியாவிலிருந்த படையின் சுகாதார நிலையை ஆராய அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் உயிர்நாடியாக நைட்டிங்கேல் விளங்கினார். இந்தியாவிலுள்ள ஒவ்வொரு படைமுகாமுக்கும் கேள்வித்தாள் அனுப்பினார். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? கிணற்றருகே சாக்கடை உண்டா? மழைநீர் எங்கே தேங்குகிறது? எத்தனை பேர், எந்த மாதத்தில், எந்த நோயால் இறந்தனர்? வந்து குவிந்த விடைத்தாள்களை, வீடு மாறும்போது வண்டிகளில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது.

அந்த விடைகள் துயரமான செய்தியைத் தந்தன. ஆயிரம் ஆங்கிலேய வீரர்களில் ஆண்டுக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தனர். பல முகாம்களில் தண்ணீர் தோற்பைகளில் மனிதர் முதுகில் சுமந்து வரப்பட்டது. குளிக்கும் குளமும் குடிக்கும் குளமும் ஒன்றாயிருந்த இடங்களும் உண்டு. வெப்ப நாடு என்பதால்தான் சாகிறார்கள் என்று அதிகாரிகள் கூறினர். தட்பவெப்பத்தின் மீது பழி போடாதீர்கள், தண்ணீரையும் கழிவுநீரையும் கவனியுங்கள் என்பதே நைட்டிங்கேலின் வாதம். 1863இல் குழுவின் அறிக்கை வெளிவந்தது. மறு ஆண்டில் வங்காளம், பம்பாய், சென்னை மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பத்து ஆண்டுகளில் படைவீரர்களின் இறப்பு ஆயிரத்துக்கு 18ஆகக் குறைந்ததை அவரே எடுத்துக் காட்டினார்.

வீரர்களைப் பற்றித் தொடங்கிய ஆராய்ச்சி, வீரர்களோடு நிற்கவில்லை. முகாமைச் சுற்றியுள்ள ஊர் நோயுற்றிருந்தால் முகாமும் நோயுறும் என்பதை அவர் கண்டார். உழவனும் அவன் மனைவி மக்களும் என்ன தண்ணீர் குடிக்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று வினவத் தொடங்கினார்.

தாது வருடப் பஞ்சம்

1876இல் நம் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று இன்றளவும் நடுங்கிக் கூறும் பஞ்சம் அதுவே. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமடைந்து, உலகின் பல நாடுகளில் மழையைக் குலைத்ததே அதற்குக் காரணம் என இன்றைய அறிவியல் கூறுகிறது. 1878 வரை நீடித்த அந்தக் கொடுமையில் இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பசியால் மட்டும் அல்ல. வற்றிய குளங்களின் சேற்றுநீரைக் குடித்து வாந்திபேதியால் மாண்டனர். பின்னர் மழை வந்தபோது, மெலிந்த உடல்களை மலேரியாக் காய்ச்சல் வாரிச் சென்றது.

நிவாரண வேலை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானிய அளவே கூலி என்று ஆட்சியாளர் குறைத்தனர். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று எதிர்த்து வாதாடினார். பின்னர் கூலி உயர்த்தப்பட்டது. சென்னை நகரின் வழியே செல்லும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்பஞ்சத்தில் நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. அதைக் கடக்கும்போது அந்த மெலிந்த கைகளை நாம் நினைப்பதுண்டா?

லண்டனில் படுக்கையிலிருந்த நைட்டிங்கேல் இச்செய்திகளைப் படித்துத் துடித்தார். 1878இல் இந்திய மக்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி, பஞ்சத்தையும் வட்டிக்கடனின் கொடுமையையும் ஆங்கில மக்களுக்கு எடுத்துரைத்தார். கோதாவரிக்கு அணை கட்டிய சர் ஆர்தர் காட்டனின் கருத்தை அவர் உறுதியாக ஆதரித்தார். காவிரி, கோதாவரி, கிருஷ்ணை ஆகிய ஆறுகளின் பாசனம் பெற்ற பகுதிகள் மற்ற இடங்களைப்போல் அழியவில்லை என்பதைச் சான்றாகக் காட்டினர். பாசனத்துடன் வடிகாலும் வேண்டும், தேங்கிய நீர் காய்ச்சலைத் தரும் என்பதையும் அம்மையார் மறவாது சொன்னார். ஆட்சியாளர் பலர் முகம் சுளித்தனர். அவர் கேட்ட கால்வாய்களில் பல வெட்டப்படவேயில்லை. தோல்வியையும் அவர் ஏற்றார். எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அவரும் தவறாதவர் அல்லர். நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்ற கருத்தை அவர் நெடுங்காலம் ஐயுற்றார். கெட்ட காற்றே காரணம் என நம்பினார். 1884இல் கல்கத்தாவில் ஆய்வு செய்த ராபர்ட் காக், காலராக் கிருமியை உறுதிப்படுத்தினார். முதுமையில் நைட்டிங்கேலும் கிருமிக் கொள்கையை ஏற்றுக்கொண்டார். ஆயினும் தூய தண்ணீர் வேண்டும் என்று அவர் காட்டிய வழி தொடக்கத்திலிருந்தே சரியாயிருந்தது. 1890களிலும் இந்தியக் கிராமச் சுகாதாரத்தைப் பற்றியே எழுதினார். வீட்டுச் சுகாதாரம் பெண்கள் கையிலிருக்கிறது. பெண்களுக்குப் பெண்களே கற்பிக்க வேண்டும் என்பது அவர் துணிபு.

எளிமையான கல்லறை

1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தமது தொண்ணூறாம் வயதில் அவர் உறக்கத்தில் உயிர் நீத்தார். மன்னர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தும் குடும்பத்தார் ஏற்கவில்லை. கிழக்கு வெல்லோ என்னும் சிற்றூரின் கோயில் தோட்டத்தில், பெயரின் இரு முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த காலமும் மட்டுமே பொறித்த கல்லின்கீழ் அவர் உறங்குகிறார். அவர் பிறந்த மே 12ஆம் நாளை உலகத் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார். தாகமுற்றவர்க்குத் தண்ணீர் தருவது இரக்கச் செயல்களில் ஒன்று என ஞானோபதேச வகுப்பில் நாம் கற்கிறோம். 2015ஆம் ஆண்டில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. மழை மாறுவதால் மனித உடல் எவ்வாறு வாடுகிறது என்று இன்றும் அறிஞர் பலர் ஆராய்கின்றனர். அவர்கள் நடக்கும் பாதையில் முன்னே விளக்குடன் சென்றவர் இந்த அம்மையார்.

நாமும் அப்பாதையில் நடக்கலாம். அதற்குப் பெரும் பட்டம் தேவையில்லை. நம் தெருக்கிணற்றருகே என்ன தேங்குகிறது என்று பார்க்கும் கண், எத்தனை குழந்தைகள் நோயுற்றனர் என்று எண்ணும் பொறுமை, கண்டதை அஞ்சாமல் சொல்லும் நெஞ்சம் ஆகிய மூன்றும் போதும். அவற்றை நமக்கு அருள இறைவனை வேண்டுவோமாக!