ஜான் எவர்ஷெட்

ஜான் எவர்ஷெட் (பெப்ரவரி 26, 1864 - நவம்பர் 17, 1956) ஆங்கிலேய வானியலாளர் ஆவார். தமிழ்நாட்டின் பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானல் சூரிய வானாய்வகத்தில் 1907 முதல் 1923 வரை பணியாற்றிய இவர், 1911 முதல் அதன் இயக்குநராகவும் இருந்தார். சூரியப்புள்ளிகளின் புறநிழல் பகுதியில் வளிமங்கள் மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்கின்றன என்பதை 1909 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். இப்பாய்வு இவரது பெயரால் எவர்ஷெட் விளைவு என அழைக்கப்படுகிறது. சூரியனின் உருவத்தை மெல்லிய பிளவொன்றின் வழியாகப் பட்டை பட்டையாக வருடிப் படமெடுக்கும் நிறமாலைச் சூரியப்படக் கருவியை (ஸ்பெக்ட்ரோஹீலியோகிராப்) கொடைக்கானலில் செம்மையாக இயங்கச் செய்ததும், அதனைக் கொண்டு நாள்தோறும் படமெடுக்கும் வழக்கத்தை நிலைபெறச் செய்ததும் இவரது முக்கியப் பணிகளாகும்.

இளமைக்காலமும் தொடக்ககால ஆய்வுகளும்

எவர்ஷெட் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கோம்ஷால் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் இலண்டனில் வணிக நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்தார். வானியல் அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடாகவே தொடங்கியது. 1890 இல் கென்லி என்னும் இடத்தில் தமக்கென ஒரு சிறு வானாய்வகத்தை அமைத்துச் சூரியப் பிழம்புகளை உற்றுநோக்கி வந்தார். வானியலாளர் ஆர்தர் கூப்பர் ரானியார்டின் நட்பு இவருக்குப் பெரிதும் துணைபுரிந்தது. 18 அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கி ஒன்று அவரிடமிருந்து இவருக்குக் கிடைத்தது. 1890 இல் தொடங்கப்பட்ட பிரித்தானிய வானியல் கழகத்தின் தொடக்ககால உறுப்பினர்களுள் இவரும் ஒருவர்.

சூரிய ஒளிமறைப்பைக் காண இவர் பலமுறை பயணம் மேற்கொண்டார். 1896 இல் நார்வேயில் மேகமூட்டத்தால் காட்சி தடைப்பட்டது. ஜனவரி 22, 1898 அன்று நிகழ்ந்த முழு ஒளிமறைப்பை இந்தியாவில், இன்றைய மகாராட்டிர மாநிலத்தைச் சேர்ந்த தால்னி என்னும் இடத்திலிருந்து படமெடுத்தார். ஐதரசனின் பால்மர் வரிசைக் கோடுகள் முடிவடையும் 3646 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்கு அப்பால், புறஊதாப் பகுதியில் தொடர்நிறமாலை ஒன்று இருப்பதை அப்படங்கள் காட்டின. இக்கண்டுபிடிப்பு இவருக்கு வானியலாளரிடையே நற்பெயரைத் தந்தது. 1900 இல் அல்சீரியா சென்றபோது, சூரிய விளிம்பின் நிறமாலையைக் கூடுதல் நேரம் பதிவுசெய்வதற்காக முழுமறைப்புப் பாதையின் நடுப்பகுதியை விடுத்து அதன் எல்லையோரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

கொடைக்கானல் வானாய்வகம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிவந்த சென்னை வானாய்வகமே கொடைக்கானல் ஆய்வகத்தின் முன்னோடியாகும். 1876-78 ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைத் தாக்கிய கொடும்பஞ்சத்துக்குப் பின்னர், சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுப்பெற்றது. இதற்கு விடை காணச் சூரியனை இடைவிடாது பல ஆண்டுகள் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. தகுந்த இடத்தை ஆராய்ந்த சார்லஸ் மிச்சி சுமித், கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் குன்றைத் தேர்வு செய்தார். 1895 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1901 இல் முறையான சூரியப் பதிவுகள் தொடங்கின.

கேம்பிரிட்ச் அறிவியல் கருவி நிறுவனம் உருவாக்கிய நிறமாலைச் சூரியப்படக் கருவி 1904 இல் இங்கு வந்தது. அதனைச் செம்மையாக இயக்க நிறமாலையியலில் தேர்ந்த ஒருவர் தேவைப்பட்டார். எவர்ஷெட் உதவி இயக்குநராக நியமிக்கப்பட்டார். 1906 இல் மேரி ஆக்வொர்த் ஓர் என்பவரை மணந்தபின், மனைவியுடன் அமெரிக்கா வழியாக இந்தியாவுக்குப் பயணமானார். வழியில் இக்கருவியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜார்ஜ் எல்லரி ஹேலைச் சந்தித்து அவரது கருவிகளைப் பார்வையிட்டார். 1907 ஜனவரியில் கொடைக்கானலை அடைந்தார்.

சூரியனை வருடும் கருவி

சூரியனைச் சாதாரண முறையில் படமெடுத்தால் எல்லா அலைநீள ஒளியும் ஒருங்கே பதிவாகும். கால்சியம், ஐதரசன் போன்ற தனிமங்கள் சூரியனின் நிறமண்டலத்தில் பரவியுள்ள விதத்தை அப்படத்தில் காண இயலாது. இதற்கு ஒரேயொரு அலைநீளத்தில் படமெடுக்க வேண்டும். 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹேலும், பிரான்சில் ஆன்றி தெலாந்தரும் தனித்தனியே இதற்கான கருவியை உருவாக்கினர்.

இக்கருவியில் இரண்டு பிளவுகள் உள்ளன. முதற்பிளவு, சூரிய உருவத்திலிருந்து ஒரு மெல்லிய பட்டையை மட்டும் உள்ளே விடுகிறது. அந்த ஒளியை முப்பட்டகம் நிறமாலையாகப் பிரிக்கிறது. இரண்டாம் பிளவு, வேண்டிய அலைநீளத்தை மட்டும் ஒளிப்படத் தட்டில் விழச் செய்கிறது. ஆகவே ஒரு நேரத்தில் சூரியனின் ஒரு பட்டை மட்டுமே பதிவாகும். முழு வட்டத்தையும் பெறுவதற்குச் சூரிய உருவமும் தட்டும் நிலையாக இருக்கப் பிளவுகளைத் தாங்கிய பகுதி நகர வேண்டும். அல்லது அப்பகுதி நிலையாக இருக்க உருவமும் தட்டும் ஒன்றாக நகர வேண்டும். இன்று அலுவலகங்களில் பயன்படும் படவருடியில் ஒளியுணர் வரிசை தாளின் அடியில் ஊர்ந்து செல்வதும் இதே அடிப்படையில்தான்.

கொடைக்கானலில் 46 செ.மீ. விட்டமுள்ள நகரும் ஆடி, சூரியனைப் பின்தொடர்ந்து அதன் ஒளியை 30 செ.மீ. வில்லைக்கு அனுப்புகிறது. அவ்வில்லை 60 மி.மீ. விட்டமுள்ள சூரிய உருவத்தைத் தருகிறது. கால்சியத்தின் கே கோட்டைப் (3933 ஆங்ஸ்ட்ராம்) பிரித்தெடுக்கும் இரண்டாம் பிளவின் அகலம் 0.07 மி.மீ. ஆகும். இது ஏறத்தாழ அரை ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள ஒளியை மட்டும் அனுமதிக்கிறது. சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13,92,000 கி.மீ. என்பதால், அவ்வுருவத்தில் 0.07 மி.மீ. என்பது சூரியப் பரப்பில் சுமார் 1,600 கி.மீ. தொலைவைக் குறிக்கும்.

எனவே, இக்கருவியின் தரம் வில்லையையும் முப்பட்டகத்தையும் மட்டும் சார்ந்ததன்று. நகர்வின் சீர்மையையும் சார்ந்ததாகும். நகர்வு ஒரு கணம் தயங்கினால் அவ்விடத்தில் தட்டு கூடுதல் ஒளி பெற்றுக் கரும்பட்டை விழும். வேகம் கூடினால் வெளிறிய பட்டை தோன்றும். உருவத்தின் மீதான நகர்வும் தட்டின் மீதான நகர்வும் ஒத்துப்போகாவிட்டால் வட்டமான சூரியன் நீள்வட்டமாகப் பதிவாகும். சூரியனைத் தொடரும் ஆடி சற்றுப் பிசகினாலும் சூரியப்புள்ளிகளின் இடம் மாறிவிடும். மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத அக்காலத்தில், இத்தகைய கருவிகளில் எடைகளின் இழுவிசையும், அதன் வேகத்தை மட்டுப்படுத்த உருளைக்குள் அடைக்கப்பட்ட எண்ணெய் போன்ற நீர்மங்களும் கடிகாரப் பொறிகளும் பயன்படுத்தப்பட்டன.

எவர்ஷெட் கருவிகளைத் தம் கையாலேயே அமைக்கவும் திருத்தவும் வல்லவர். இவரது பொறுப்பில் கால்சியம் படங்கள் நாள்தோறும் எடுக்கப்பட்டன. 1911 இல் கீற்றணி பொருத்திய இரண்டாவது கருவியை இவர் உருவாக்கினார். அதன்மூலம் ஐதரசன் ஆல்பா கோட்டிலும் (6563 ஆங்ஸ்ட்ராம்) 1912 முதல் நாள்தோறும் படமெடுக்க முடிந்தது. சீதாராம ஐயர், நாகராஜ ஐயர் உள்ளிட்ட இந்திய உதவியாளர்கள் இவ்வாய்வகப் பணிகளில் ஈடுபட்டிருந்தனர்.

எவர்ஷெட் விளைவு

1908 இல் சூரியப்புள்ளிகளில் வலிமையான காந்தப்புலம் இருப்பதை ஹேல் கண்டறிந்தார். சூரியப்புள்ளிகள் சுழற்காற்றைப் போன்று சுழல்பவை என்ற கருத்து அப்போது நிலவியது. அச்சுழற்சியை அளக்க எண்ணிய எவர்ஷெட், கீற்றணி கொண்ட ஒரு நிறமாலைப் பதிவியை அமைத்தார். ஒளி தரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் நிறமாலைக் கோடுகள் ஊதாப் பக்கமும், விலகிச் சென்றால் சிவப்புப் பக்கமும் நகரும் என்னும் டாப்ளர் விளைவே இம்முறைக்கு அடிப்படை.

ஜனவரி 5, 1909 அன்று எடுத்த நிறமாலைகளில், சூரியப்புள்ளியின் புறநிழலில் கோடுகள் சாய்ந்து காணப்பட்டன. சூரிய வட்டத்தின் விளிம்பை நோக்கிய பக்கத்தில் அவை சிவப்பை நோக்கியும், வட்ட மையத்தை நோக்கிய பக்கத்தில் ஊதாவை நோக்கியும் நகர்ந்திருந்தன. எவர்ஷெட் பிளவின் திசையை மாற்றிச் சோதித்தார். சூரிய மையத்தையும் விளிம்பையும் இணைக்கும் திசையில் பிளவை வைத்தபோது பெயர்ச்சி மிகுதியாக இருந்தது. அதற்குக் குறுக்கே வைத்தபோது பெயர்ச்சி மறைந்தது. வளிமம் சுழன்றிருந்தால் இதற்கு நேர்மாறான விளைவே கிடைத்திருக்கும். ஆகவே அது புள்ளியின் மையத்திலிருந்து எல்லாப் பக்கங்களிலும் கிடையாக வெளியே பாய்கிறது என்ற முடிவுக்கு வந்தார். தாம் தேடிய சுழற்சி கிடைக்காதபோது, கருவி காட்டியதையே ஏற்று அதற்கு விளக்கம் கண்டது இவரது ஆய்வின் சிறப்பாகும்.

இவர் கண்ட வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 கி.மீ. ஆகும். 6000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் இவ்வேகம் உண்டாக்கும் பெயர்ச்சி 0.04 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. சூரியப்புள்ளியின் உருவம் பிளவின்மீது அசையாது நின்றாலன்றி, புறநிழலின் இரு பக்கங்களையும் வேறுபடுத்தி இதனை அளக்க இயலாது. 1913 இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் சார்லஸ் செயின்ட் ஜான் இக்கண்டுபிடிப்பை உறுதிசெய்தார். நிறமண்டலத்தின் உயர்ந்த அடுக்குகளில் பாய்வு எதிர்த்திசையில், அதாவது உட்புறமாக நிகழ்வதும் தெரியவந்தது.

நுண்பெயர்ச்சியை அளக்கும் முறை

நிறமாலைக் கோடுகளின் நுண்ணிய பெயர்ச்சிகளை அளக்க எவர்ஷெட் ஒரு புதிய முறையைக் கையாண்டார். நிறமாலையின் எதிர்ப்படத்திலிருந்து நேர்ப்படம் ஒன்றை எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். நேர்ப்படத்தின் இருண்ட கோடு எதிர்ப்படத்தின் தெளிந்த கோட்டின்மீது சரியாகப் பொருந்தும்போது இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும். நுண்ணளவித் திருகால் ஒரு தட்டை மெல்ல நகர்த்தி, கோடு மறையும் நிலையைக் குறித்துக்கொண்டால் பெயர்ச்சியின் அளவு கிடைக்கும். கோட்டின் நடுவைக் கண்மதிப்பால் குறிப்பதைவிட இம்முறை நம்பகமானதாக இருந்தது.

இம்முறை பின்னர் ஐன்சுடைனின் கோட்பாட்டைச் சோதிக்க உதவியது. சூரியனின் ஈர்ப்பினால் அதன் நிறமாலைக் கோடுகள் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு அளவே சிவப்பை நோக்கி நகர வேண்டும். எவர்ஷெட்டும், 1911 முதல் உடன் பணியாற்றிய தாமசு ராய்ட்சும் இதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். பூமியிலிருந்து காண முடியாத சூரியப் பக்கத்தின் ஒளியைப் பெற, எவர்ஷெட் வெள்ளிக் கோள் எதிரொளிக்கும் ஒளியையும் படமெடுத்தார். தொடக்கத்தில் வேறு விளக்கங்களை நாடிய இவர், 1920களின் முற்பகுதியில் ஐன்சுடைனின் விளக்கத்தை ஏற்கும் நிலைக்கு வந்தார்.

1922 இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரையில் தெரிந்த ஒளிமறைப்பின்போது, விண்மீன் ஒளி சூரியனருகே வளைவதை அளக்க இந்தியாவிலிருந்து ஒரு குழுவுடன் சென்றார். கருவிக் கோளாறுகளால் அந்நோக்கம் நிறைவேறவில்லை. அதே இடத்தில் அமெரிக்காவின் லிக் வானாய்வகக் குழு வெற்றி கண்டது.

மேரி எவர்ஷெட்

இவரது மனைவி மேரி எவர்ஷெட் (1867 - 1949) தாமும் ஒரு வானியலாளர் ஆவார். இருவரும் 1896 நார்வே பயணத்தில் அறிமுகமாயினர். கொடைக்கானல் படங்களைக் கொண்டு சூரியப் பிழம்புகளை ஆராய்ந்து வகைப்படுத்தியதில் மேரிக்குப் பெரும்பங்கு உண்டு. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் படைப்புகளில் உள்ள வானியல் குறித்து அவர் எழுதிய நூலும் நன்கு அறியப்பட்டது.

ஓய்வும் இறுதிக்காலமும்

1923 இல் எவர்ஷெட் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். ராய்ட்சு அடுத்த இயக்குநரானார். சர்ரே மாவட்டத்தில் எவ்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் தனியார் வானாய்வகம் ஒன்றை அமைத்து, நீர்மம் நிரப்பிய பெரிய முப்பட்டகங்களைக் கொண்டு சூரிய நிறமாலையை மேலும் ஆராய்ந்தார். 1950 வரை அந்த ஆய்வகம் இயங்கியது. நவம்பர் 17, 1956 அன்று எவ்ஹர்ஸ்டில் தமது 92 ஆம் வயதில் காலமானார்.

படத்தட்டுகளின் இன்றைய பயன்

கொடைக்கானல் வானாய்வகம் 1971 முதல் இந்திய வானியற்பியல் மையத்தின் கீழ் உள்ளது. இங்கு ஒளிப்படத் தட்டுகளிலும் படச்சுருளிலும் எடுக்கப்பட்ட கால்சியம் படங்களின் தொகுப்பு 1904 முதல் 2007 வரையிலான காலத்தை உள்ளடக்கியது. 4096 x 4096 படப்புள்ளிகள் கொண்ட ஒளியுணரியால் இவை எண்மிய வடிவுக்கு மாற்றப்பட்டுள்ளன. நேரடிக் காந்தப்புல அளவீடுகள் இல்லாத காலத்தில் சூரியக் காந்தச் செயற்பாடு எவ்வாறு இருந்தது என்பதை அறிய ஆய்வாளர்கள் இவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

நூறாண்டுகளுக்கு முன்னர் கருவி நகர்ந்த விதமும் இப்படங்களில் பதிந்துள்ளது. சீராக நகர்ந்த நாள்களின் படங்கள் நேரடியாக அளக்கத்தக்கவை. நகர்வு பிசகிய நாள்களின் படங்களில் உள்ள பட்டைகளையும் நீள்வட்ட வடிவத்தையும் கணித முறைகளால் திருத்திய பின்னரே அளக்க முடிகிறது. பஞ்சத்துக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை அறியத் தொடங்கிய பதிவு, அதனை எடுத்தவர்கள் எண்ணியிராத வேறு கேள்விகளுக்கு இன்று விடையளித்து வருகிறது.

சிறப்புகள்

1915 இல் எவர்ஷெட் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1918 இல் அரச வானியல் கழகம் இவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1923 இல் சி.ஐ.இ. என்னும் அரசுப் பட்டம் பெற்றார். நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு கிண்ணக்குழிக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. எவர்ஷெட் விளைவு கண்டறியப்பட்டதன் நூற்றாண்டையொட்டி 2008 டிசம்பரில் பெங்களூரில் பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. இந்திய அஞ்சல் துறையும் அவ்வாண்டில் நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது.